பெட்டி முதலில் புறப்பட்டது

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நான், அங்கே போய் இருப்பதற்கு ‘ஓய்வுபெற்ற வெளிநாட்டவர்’ என்ற பிரிவில்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அகதியாக லண்டனுக்கு வந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து, விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் வேலையில் முதுகு தேய்ந்தபின், ஓய்வு கிடைத்ததும் நானும் கணவரும் ஊருக்குத் திரும்பினோம். இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கலாமே என்பார்கள். அதற்குக் கேட்ட பழைய பத்திரங்கள் எல்லாம் நாங்கள் ஓடி வந்தபோது வீட்டோடு எரிந்துவிட்டன. ஆகவே, கடற்கரையில் வெயில் காய்ந்து சிவந்துபோய்ப் படுத்திருக்கிற வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே சட்டம்.

அந்தச் சட்டப்படி, இடையில் வெளிநாடு போவதென்றால் திரும்பி வருவதற்கும் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். அதில் போட்டிருக்கும் நாளுக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். தவறினால் அங்கே தங்கும் உரிமை போய்விடும். நான் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். மேற்கு லண்டனில், ஹவுன்ஸ்லோவில் மகளுக்கு முதல் பிள்ளைப்பேறு. பத்தியம் வைத்துக் கொடுக்க நான் வராமல் முடியுமா?

கணவரைக் கூட்டி வரவில்லை. அவருக்குக் கண்புரை. வலது கண்ணில் அனேகமாகப் பார்வையே இல்லை, இடதும் மங்கல். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற மனிதர். ஒரு வருடமாகச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தவர், நான் பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பரேஷன் மேசையில் ஏறுவேன் என்றார். கடைசியில் நான் திரும்பும் நாளைப் பார்த்து, அதற்கடுத்த கிழமைக்கு நாள் குறித்திருந்தோம். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

பேத்தி பிறந்தாள். பிந்திப் பிறந்தாள். அதனால் பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. என் அனுமதி முடிவது அதற்கடுத்த நாள், சனிக்கிழமை. டிக்கெட்டும் அன்று விடியற்புறத்துக்குத்தான். சனிக்கிழமை கிழக்கே சூலம். அந்தத் திசையில் பயணம் கூடாது. இலங்கை லண்டனுக்குக் கிழக்கேதான் இருக்கிறது. என்ன செய்ய?

ஐயர் வழி சொன்னார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வேறு ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்காம். ஆள் ஆறுதலாகப் பின்னால் போகலாம். பக்கத்துச் சவுத்தாலில் எங்களுக்குத் தெரிந்த வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் பெட்டி கிழக்கே அல்லவா போகவேண்டும்! மருமகன் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமைப் பின்னேர நெரிசலில் லண்டனைக் குறுக்கே கடந்து, வால்தம்ஸ்டோவில் இருக்கிற சம்பந்தி வீட்டில் இறக்கிவிட்டு வந்தான். படித்த பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. மனதுக்குள் என்னைத் திட்டியிருப்பான்.

அனுமதி முடிகிறதே என்று எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. கழிவுக்கு வந்தவர்களிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. லண்டன் தமிழர் ஒவ்வொருவரும் பாதி இமிகிரேஷன் வக்கீல். அகதியாக அசைலம் கேட்ட காலத்தில் படித்த படிப்பு. ஒருவர் இரண்டு கிழமை சலுகை உண்டு என்றார். இன்னொருவர் லண்டனிலிருந்து புறப்பட்ட நாள்தான் கணக்கு என்றார். மூன்றாமவர், அங்கேயே பிறந்த எங்களை ஆர் தடுக்கிறது என்று கேட்டுவிட்டு இன்னொரு வடை எடுத்தார். மகள் மட்டும் அனுமதி தந்த அலுவலகத்துக்கு ஈமெயில் போடுவோம் என்றாள். பச்சை உடம்புக்காரி, பேசாமல் படு என்று அவளை அதட்டிவிட்டு, சூலமில்லாத புதன்கிழமைக்கு டிக்கெட்டை மாற்றினேன்.

புதன்கிழமை சம்பந்தி பெட்டியை ஹீத்ரோவுக்குக் கொண்டுவந்து தந்தார். கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, அதன் பிறகு வேறு யாரிடமாவது இருந்ததா என்று கேட்டாள். நான் பொய் சொல்லிப் பழகாதவள். வெள்ளிக்கிழமையிலிருந்து வால்தம்ஸ்டோவில் இருந்தது என்றேன். ஏன் என்று கேட்டாள். பெட்டி முதலில் புறப்பட்டுவிட்டது, நான் இப்போதுதான் புறப்படுகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது. பெட்டியை வேறாகக் கொண்டுபோய், சம்பந்தி வைத்துவிட்ட அரியதரப் பலகாரம் வரை கிளறிப் பார்த்தார்கள். அதிலெல்லாம் குற்றமில்லை. பிறகு என் அனுமதியைப் பார்த்தாள். சனிக்கிழமையோடு முடிந்துவிட்டதே, ஏற்ற முடியாது என்றாள். பயணம் தொடங்கியது வெள்ளிக்கிழமை என்பதை அவளுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

உல்லாசப் பிரயாணியாக விசா எடுத்துப் போகலாம். ஆனால் அப்படி இறங்கினால் தங்கும் அனுமதிக்குத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று, பிறகு மகள் போட்ட ஈமெயிலுக்குப் பதில் வந்தது. காரணம் காட்டிக் கருணை கேட்டு எழுதலாம், அதற்குப் பதில் வரும்வரை பொறுக்கவேண்டும். எழுதினேன். பொறுத்தேன். மகளின் வீட்டுக் கூரைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் பறந்தது. நான் சாப்பாடு அடுக்கி அனுப்பிய கம்பனிகள்தான் எல்லாம். ஒன்றிலும் எனக்கு இடமில்லை.

கணவரிடம் ஒப்பரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னேன். இனித் தள்ளினால் கண் தப்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அடுத்த வீட்டு ரீச்சர் அவரை ஓட்டோவில் கூட்டிப்போனார். அன்று முழுவதும் நான் ஐயரையும் சூலத்தையும் வடை தின்ற வக்கீலையும் மாறி மாறித் திட்டினேன். என்னைத் திட்டுவதை மட்டும் மகளுக்கு விட்டுவைத்தேன். அவள் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

கட்டு அவிழ்த்த அன்று கணவர் வீடியோவில் வந்தார். மயங்கவில்லையாம். ரீச்சர் கையைப் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று சொல்லி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து என்னையே கனநேரம் பார்த்தார்.

“உமக்குத் தலை எப்ப இவ்வளவு நரைச்சது?”

“இப்பவோ? அஞ்சாறு வருசமாச்சு.”

“எனக்குத் தெரியேல்லயப்பா,” என்றார். “ஒருத்தரும் சொல்லவும் இல்லை.” பிறகு, “நீர் ஆறுதலா வாரும். மருந்து நானே விடுவன்,” என்றார்.

சொல்லிக்கொண்டே எனக்குக் காட்டுவதற்காக மருந்துப் போத்தலைத் தூக்கிப் பிடித்தார். துளி கண்ணில் விழவில்லை, கன்னத்தில் விழுந்து வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி தூக்கினார், அதுவும் விழவில்லை. போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகையில் பிள்ளை எழும்பிவிட்டது. கருணை வரும்போது வரட்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை, விசாவுக்கு இன்றைக்கே போட்டுவிடு என்று மகளிடம் சொன்னேன். அவள் லாப்டாப்பைத் திறந்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“உல்லாசம் எண்டு போடு,” என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.