வெள்ளி அரைஞாணைக் கழற்றிய நாள்

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். கீரப்பாளையத்தில் எங்கள் சிவாலயத் திருப்பணிக் குழுவின் தலைவன். எதற்கும் பிறரை அண்டியதில்லை. வழிபாட்டு அன்பர்கள் இதை அறிவார்கள்.

கடந்த மார்கழியில் கோயிலுக்கு நடக்கையிலேயே மூச்சு இரைத்தது. கால்கள் வீங்கின. செருப்பு சுருங்கிவிட்டதென்று கடைக்காரரிடம் வாதிட்டேன். சிதம்பரத்து மருத்துவர் எக்கோ எடுத்துப் பார்த்து, இதயத் தசை தளர்ந்து பெருத்திருக்கிறது, இரத்தத்தைப் போதிய அளவு தள்ளவில்லை என்றார். தசையில் தழும்பு எவ்வளவு என்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியுமாம். குறைவென்றால் மருந்தால் தேறலாம். மிகுதியென்றால்? அவர் கடலூர் ஸ்கேன் மையத்துக்குச் சீட்டு எழுதினார். நான் உடைந்துபோனேன்.

கடலூர் ஸ்கேன் மையத்தில், உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்றனர். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றினேன். இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணை மறைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்மகனின் அரைஞாணை அறுப்பது பாடையில் ஏற்றும்போதுதான். சோதனைக் கருவி கத்திக் காட்டிக்கொடுத்தது.

"ஐயா, அதக் கழட்டணும். உள்ள சூடாயிடும், படமும் கெட்டுடும்" என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

"உயிரோடு இருப்பவன் கழற்றுவதில்லை" என்றேன்.

உடன் வந்திருந்த என் மனைவியின் தம்பி சேகர் சொன்னான்: "படம் எடுக்கலன்னா வேற ஆளுங்க வந்து அறுப்பாங்க மாமா. பரவால்லயா?"

கண்களை மூடினேன். 'நடராசப் பெருமானே, மரபும் கெடாமல் படமும் கெடாமல் ஒரு வழி காட்டு.' கண் திறந்தபோது சேகரைக் காணவில்லை. சற்று நேரத்தில், தன் ஸ்கூட்டரில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றுடன் வந்தான். பழத்தை விட்டுவிட்டு வந்தது ஆறுதல். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்ட பிறகே வெள்ளியைக் கழற்றினேன்.

இயந்திரத்துக்குள், "மூச்ச நிறுத்துங்க" என்று குரல் வந்தது. பத்து எண்ணுவதற்குள் திணறினேன். துணைக்குப் பதிகம் பாடினேன்.

"பாடாதீங்க ஐயா, படம் ஆடுது."

பிறகு மனத்துக்குள் ஐந்தெழுத்தைச் சொன்னேன். மூச்சு அடங்கி நின்றது. வேண்டியபோது திரும்பியும் வந்தது.

தழும்பு மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. மாத்திரை, உப்பில்லாச் சோறு, அளந்து குடிக்கும் தண்ணீர். சித்திரையில் பிரகாரத்தை நிற்காமல் வலம் வந்தேன். சேகருக்கு நன்றி சொன்னேன்; முப்பது ஆண்டுகளில் இதுவே முதன்முறை. அவன் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான்.

அன்பர்களே, இறைவனை நம்புங்கள். அவன் அனுப்பும் ஆளையும் நம்புங்கள். உலோகம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இயந்திரத்தினுள் எனக்குப் பெருமானின் காட்சி கிடைத்ததாகக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். கிடைக்கவில்லை. நான் கண்களை இறுக மூடியிருந்தேன்.