கதவைத் திறக்காத பூதம்

அவரை எல்லாரும் பூதம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை, தொழிலே அதுதானே. விஞ்ஞானப் படங்களில் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியை உடைத்துக்கொண்டு ஒரு மிருகம் கிளம்புமே, அந்த ரப்பர் உடுப்புக்குள் வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பவர் இவர்தான். அட்டைக் கட்டடங்களை ஏனோதானோ என்று உடைக்க மாட்டார். முதலில் ஒரு தட்டு, பிறகு தோளால் ஓர் இடி, கடைசியில் மேலேயே விழுந்து புரண்டால்தான் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரும்.

ஊரையே அலற வைத்த மனிதருக்கு வீட்டில் மட்டும் மதிப்பில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவார். மிருகம் பாலத்தைப் பிய்த்து எறியும்போது தியேட்டரே நடுங்கும். அந்த அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

"உங்க நடைதாங்க அது. கேஸ் சிலிண்டரை உருட்டிட்டு வர்ற மாதிரியே இருக்கு."

சாவதற்குள் ஒரே ஒரு தடவை இவளைப் பயமுறுத்திவிட வேண்டும். வேறு ஆசையே கிடையாது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி முதல் படம் எடுக்க வந்தான். மாமாவைக் கூப்பிட்டுக் காட்சியை விளக்கினான்.

"நீங்க கதவுக்குப் பின்னாடி நிக்கிறீங்க, மாமா. கைப்பிடியை மெதுவா திருப்புறீங்க. அவ்வளவுதான்."

"அப்புறம் உடைக்கணுமா?"

"வேண்டாம். திறக்கக்கூட வேண்டாம்."

பூதத்துக்கு வந்ததே கோபம். நாலு கட்டடம் சரியாத படமும் ஒரு படமா என்று கேட்டார். மச்சினன் அசரவில்லை. மிருகம் பாய்ந்துவிட்டால் ஜனங்கள் நிம்மதியாகப் பாப்கார்ன் தின்பார்கள், பாயப்போகிறது என்று தெரிந்தால்தான் கையில் எடுத்ததை வாயில் போட மறப்பார்கள் என்றான்.

சரி சரி என்று தலையாட்டினாலும் அவர் வேறு கணக்குப் போட்டிருந்தார். கேமரா ஓட ஆரம்பித்ததும் கதவைப் படாரென்று திறந்து, பாய்ந்து, அலமாரியை ஒரு கை பார்ப்பது. அதற்காக மேக்கப்காரரிடம் அடம்பிடித்து, மிருகத்துக்குப் பூசும் வழவழப்பான பசையை நகம் வரைக்கும் இரண்டு மடங்கு அப்பிக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை. கைப்பிடி பிடியில் நிற்கவில்லை. கொஞ்சம் திரும்பும், வழுக்கும், நின்றுவிடும். இரண்டு கையாலும் முயன்றார். மூச்சு வாங்கியது. தோளைக் கொடுத்துத் தள்ளினார், கதவு லேசாக முனகியதே தவிரத் திறக்கவில்லை. மச்சினனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு உள்ளே நின்றார். வெளியே, கைப்பிடி தவிப்பதைப் பார்த்த மச்சினன் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தான்.

முதல் காட்சிக்கு மனைவியோடு போய் உட்கார்ந்தார். மானம் கப்பலேறப் போகிறது என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் கைப்பிடி அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. பக்கத்தில் சிரிப்பையே காணோம். திரும்பிப் பார்த்தால் அவள் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்திருந்தாள். கதவு முனகியதும் வீல் என்று கத்தி அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"யாருங்க அது?"

"நான்தான்," என்றார் அவர்.

"போங்க, நீங்களாவது!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த அலறல், அது யாரோ ஒருத்தன் கணக்கில் போவதா?

வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவர் சமையலறைக்குப் போய் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்தார். கைப்பிடியைத் திருப்பினார். வழுக்கவிட்டார். மூச்சை இழுத்து விட்டார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஓர் அலறல்.

"ஐயோ, நான்தான், நான்தான்! கதவைத் திற."

"நீங்கதான்னு இப்போ நல்லாத் தெரியுது," என்றது நடுங்கும் குரல். "அதனாலதான் திறக்க மாட்டேன்."

பூதம் எண்ணெய்க் கையோடு கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சந்தோஷத்தில் அதற்குக் கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.