குதிகாலில் அடித்த லாடம்

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு லேபிள் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தபோது, விருதுநகரில் விலை குறைவான தோல் ஷூ ஒன்று வாங்கினேன். மடக்கிப் பார்த்தேன், தோல் வெடிக்கவில்லை. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்தேன், விரல் இடிக்கவில்லை. வாரம் ஒருமுறை பாலிஷ் போட்டேன். குதி தேயத் தொடங்கியதும், கூடுதலாக உழைக்கட்டும் என்று இரும்பு லாடம் அடித்துக்கொண்டேன்.

தீபாவளி சீசனில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் மாதிரி காட்டப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது தெரியும். ஆபீஸ் வரைதானே என்று கழற்றவில்லை. ஆபீஸில் முதலாளி இல்லாததால், அவரைத் தேடி வெடிமருந்து செலுத்தும் அறைப் பக்கம் நடந்தேன்.

“அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க!”

மேற்பார்வை பார்க்கும் மாரியம்மாளின் குரல். நின்றேன்.

“கால மட்டும் மெதுவா உருவுங்க. ஷூ அங்கனயே கெடக்கட்டும்.”

உருவினேன். அவர் ஷூவை எடுத்துக் கவிழ்த்தார். சிமெண்டுத் தரையில் உரசிய புதுக் கீறல் லாடத்தில் மினுங்கியது.

“ஒரு பொறி பறந்தா போதும். உள்ள எம் மகளும் இருக்கா. உங்களுக்கு ஷூ அம்புட்டு முக்கியமா?”

அறைக்குள் பெண்கள் வெறுங்காலோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அன்றே லாடத்தைப் பிடுங்கி, ரப்பர் குதி ஒட்டச் சொன்னேன். இப்போது கடையில் எந்த ஷூவையும் முதலில் கவிழ்த்து, குதியில் ஆணி தெரிகிறதா என்று பார்க்கிறேன். எந்தக் குதியானாலும் பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே கழற்றிவிடுகிறேன்.

மாரியம்மாள் இன்றும் முதலில் என் காலைத்தான் பார்க்கிறார். அதன் பிறகே, “வாங்க அண்ணாச்சி” என்கிறார்.