நெஸ்டா அண்ணி நகர்த்திய ஆண்டெனா

மரோவோ கடற்கழியில் நான்கு தீவுகளில் நான்கு மருத்துவ நிலையங்கள். அவை ரேடியோவில் பேசுவதெல்லாம் எங்கள் குன்றின் மேலுள்ள ரேடியோ நிலையம் வழியாகத்தான் போகும். பதினொரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவள் என் அண்ணன் மனைவி நெஸ்டா.

முன்பு ஒருவர் பேசினால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் மாத்திரைப் பட்டியலை வாசித்துக்கொண்டே போக, ரத்தப்போக்கோடு கிடந்த பெண்ணுக்குப் படகு கேட்ட நர்ஸ் இருபது நிமிடம் காத்திருந்தாள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

போன வருடம் நான்கு ஆண்டெனாக்களோடு புதுக் கருவி வந்தது. நால்வரும் ஒரே நேரத்தில் பேசலாம். கலந்து வரும் குரல்களைக் கருவியே பிரித்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் வடக்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தீவுகளின் குரல்கள் மட்டும் பிரியவே இல்லை.

அண்ணி பிரிஸ்பேனிலுள்ள பொறியாளர் டெனீஸுக்கு போன் போட்டாள்.

"கணக்குல எல்லாம் சரியாத்தான் இருக்கு நெஸ்டா. அடுத்த மாசம் ஆள் அனுப்புறேன்."

"அதுவரைக்கும் யாரும் புள்ள பெறக் கூடாதுன்னு சொல்லிடவா?"

அண்ணி விடவில்லை.

"நாலு ஆண்டெனாவும் ஒரே கம்பத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. அங்கிருந்து பாத்தா அந்த ரெண்டு தீவும் ஒரே திசைதான். ரெண்டு ஆண்டெனாவ தள்ளி வெச்சா கருவிக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் டெனீஸ் மெதுவாக. "இடம் இருக்கா?"

"முப்பது காலடி தள்ளி பழைய கம்பம் நிக்குது."

சேற்றில் கேபிள் இழுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"அண்ணி, நான் படகுக்காரன். மாடு இல்ல."

"மாடுன்னா இந்நேரம் முடிச்சிருக்கும். இழுங்க தம்பி."

மாலைக்குள் இரண்டு ஆண்டெனாவைப் பழைய கம்பத்தில் கட்டி முடித்தோம். டெனீஸ் பிரிஸ்பேனிலிருந்தபடியே கருவியை மறுபடி அளந்து சரிசெய்தாள். வடக்குத் தீவுகளின் இரண்டு நர்ஸுகளும் ஒன்றாகப் பேசினார்கள். இரண்டு குரலும் தனித்தனியாகத் தெளிவாக வந்தன. அண்ணி ஹெட்போனைக் கழற்றாமல் அழுதாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், தென்னையிலிருந்து விழுந்தவனுக்காக வடக்குத் தீவு ஒன்றின் நர்ஸ் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் பக்கத்துத் தீவிலிருந்து பிரசவத்துக்குப் படகு கேட்டார்கள். யாரும் காத்திருக்கவில்லை. நான் போய் அந்தத் தாயை அழைத்து வந்தேன். பெண் குழந்தை, நல்ல தொண்டை.

இன்னும் மூன்று குன்றுகளில் நிலையம் வரப்போகிறதாம். கம்பங்களுக்கு இடம் பார்க்க அண்ணியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கிளம்புகிறோம்.