நம்பருக்குப் பெயர் வைத்தவன்

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அப்போது நான்தான் கம்ப்யூட்டர்க்காரன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், இன்டர்நெட் படுத்தாலும் நான்தான். வெளிநாட்டிலிருந்து நமக்கு வருகிற அடுத்த சீசன் டிசைன்கள் வேறொரு கம்பெனிக்குப் போகின்றன, அனுப்புகிற ஆளைக் கண்டுபிடித்துக் கொடு என்றார் முதலாளி.

நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் கவனித்து, சந்தேகம் வந்தால் எச்சரிக்கிற இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். வெளியிலிருந்து ஊடுருவுகிறவனைப் பிடிக்கத்தான் அது. உள்ளிருந்து டிசைன் ஃபைல் போவதைப் பிடிக்க, அதோடு சேர்ந்து ஓடும்படி நானே ஒரு ஸ்கிரிப்ட், சின்ன புரோகிராம்தான், எழுதினேன். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போனது என்று நெட்வொர்க் நம்பரைக் காட்டும். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். தலைக்கனம் விடவில்லை. ஒரு காலையில் மேஜை மேஜையாகப் போய் எந்த நம்பர் யாருடையது என்று எழுதி வந்து, நம்பருக்குப் பதில் பெயர் வரும்படி செய்தேன்.

“அட, பேரோடயே வருதுங்களா!” என்று முதலாளி முதுகில் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் பதினோரு மணிக்கு ஒரு பெயர் வந்தது. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங் பிரிவில் உட்கார்ந்திருந்த நல்லூர்ப் பெண். தையல் மெஷினில் தொடங்கி, தானாகவே கம்ப்யூட்டர் படித்து, ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவர். முதலாளியின் அறையில் அவர் முகம் வெளுத்துப்போய் நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

“சத்தியமா நான் அனுப்பலீங்க சார்” என்றவர், என் பக்கம் திரும்பினார். “நீங்களாச்சும் சொல்லுங்க சார்.”

“மிஷினுக்கு ஆளெல்லாம் தெரியாதுங்க. இருக்கறதத்தான் காட்டுது” என்றேன் நான், பெரிய அரிச்சந்திரன்.

வேலை போய், டிபன் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் அப்போதே கிளம்பிவிட்டார். யாரும் வாசல் வரைகூடப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் மறுபடி எச்சரிக்கை. அவர் பெயரே வந்தது. ஐயோ என்று எழுந்து ஓடினேன். அவருடைய நாற்காலி காலி. கம்ப்யூட்டரின் மேல் உறை போட்டபடி இருந்தது. பிளக்கைக்கூடப் பிடுங்கி வைத்திருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் என் திரையில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது.

அரைமணி நேரம் முன்புதான் கரண்ட் போய் வந்திருந்தது. கம்ப்யூட்டர்களுக்கு நம்பர் கொடுக்கிற எங்கள் ரவுட்டர் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்ப வந்ததும், யார் முதலில் ஆன் செய்கிறாரோ அவருக்கு முதல் நம்பர் என்று புதிதாக வழங்கும்; ஒருவருடைய பழைய நம்பர் இன்னொருவருக்குப் போய்விடும். தினம் மூன்று தடவை கரண்ட் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அதை மறந்து ஸ்கிரிப்ட் எழுதிய மடையன் நான். ஜெனரேட்டர்க்காரரின் நோட்டைப் புரட்டினேன். அந்தப் பெண் போன அன்று காலை பத்தரைக்கும் கரண்ட் போயிருந்தது.

நெட்வொர்க் கார்டிலேயே பதிந்திருக்கும் மாறாத எண்ணை வைத்துத் தேடினேன். இரண்டு முறையும் மெயில் போனது முதலாளியின் மைத்துனர் மேஜையிலிருந்து. முதலாளி அறையின் கதவு வரை இரண்டு தடவை போனேன். உள்ளே மைத்துனரும் அவரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஸ்கிரிப்டைத் திருத்தினேன். பழைய எச்சரிக்கைகளை அழித்தேன். பயம்தான், வேறென்ன. எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன், அந்தப் பெண்ணுக்கும் இருந்தது.

அவர் பெயரை என் பட்டியலிலிருந்து எடுத்த பிறகும் எச்சரிக்கை மணி அடித்தால் அதுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். அந்த வேலையை விட்ட பிறகும் அப்படித்தான்.

இரண்டு வருடம் கழித்து நல்லூர் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையெல்லாம் நூல் பிசிறு. ஏதோ ஒரு யூனிட்டில், தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் வேலையாம். ஆபீஸ் வேலைக்கு எங்கும் எடுக்கவில்லையாம். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

“சார், நல்லா இருக்கீங்களா?” என்றார். “ஒண்ணு கேக்கோணும்னே இருந்தனுங்க. கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லாதுங்களே? நாந்தான் தெரியாம எதையோ அமுக்கிப் போட்டனாட்ட இருக்குதுங்க. ஊட்லயும் அப்படியேதான் சொல்லீட்டனுங்க.”

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

“இருக்கலாமுங்க” என்றேன். பாவி, அதையும் சொன்னேன்.