ஆடிக் கூழும் குடல் பரிசோதனையும்

காலையில் உத்திரமேரூரில் பஸ் ஏறியதிலிருந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய். கூடப் பிறந்தவர்களும் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், இன்று காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் எனக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் நாள்.

நர்ஸ் கேட்டார், "நேத்து இன்னா சாப்ட்டீங்க மேடம்?"

"இளநீர், வடிகட்டின ஜூஸ்... அப்புறம் ஒரு சொம்பு கூழ்."

"வயித்த சுத்தமா வெச்சிக்கினு வரச் சொன்னா, கேவுரு கூழ் குடிச்சிட்டு வந்துகீறீங்களே. உள்ள ஒண்ணும் தெரியாது. அடுத்த திங்கக்கெழம வாங்க."

நேற்று எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா சொம்போடு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை. இன்று இங்கே வரப்போகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கம்.

உடனே கிளம்ப மனம் வராமல், வேறு வழி இருக்கிறதா என்று போனில் தேடினேன். மெல்லிய குழாயால் மலக்குடல் சுவரில் ஒளி பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்தே மேலே பெருங்குடலில் ஆபத்து இருக்கிறதா என்று கணிக்கிறார்களாம். குடலைச் சுத்தம் செய்யப் பேதி மருந்தே வேண்டாமாம். எழுந்து போய் நர்ஸிடம் காட்டினேன்.

"அது இன்னும் ஆராய்ச்சில கீது மேடம். இங்க வர்றதுக்குள்ள நீங்க எத்தினி ஆடி பாக்கணுமோ."

இன்னும் ஏழு நாள் இந்தக் கால் நிற்காது. நடுவில் ஒரு ஞாயிறு, அடுத்த தெருவில் கூழ்.

மல்லிகா அக்கா, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். சொம்பைத் திங்கட்கிழமை சாயங்காலம் கொண்டுவாருங்கள்.