காசு வகுப்பும் கல்லான சீமெந்தும்

முதல் சனிக்கிழமை அந்த மேல் மாடியில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டில் கேக் அடித்து விற்கும் ஒரு பிள்ளை. கருவாடு விற்கும் ஒரு தமிழ் அம்மா. லீசிங்கில் ஆட்டோ எடுத்த ஒருவர். தன் ஆட்டோ தெரிகிற ஜன்னலோரம் பார்த்து இருந்தார். பென்சன் எடுத்த ஒரு தபால்காரர். படிப்பிக்கிற சேர். கதவுக்குக் கிட்ட, கடைசிக் கதிரையில், நான்.

நான் மேசன், சுவர் கட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. காசு கொடுத்துப் படிக்க நானாகப் போகவில்லை. மகள்தான் அனுப்பினாள். அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். போனில் விளம்பரம் பார்த்தாள். கல்முனையில், புடவைக் கடைக்கு மேலே, ஆறு சனிக்கிழமை. காசைக் கையாளும் விதம் சொல்லித் தருவார்களாம். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

"ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மூணு பை சீமெந்து வரும் புள்ள," என்றேன்.

"கட்டிட்டன் வாப்பா."

"திருப்பித் தருவானா?"

"தரமாட்டான். போங்க."

போனேன்.

அவளுடைய வீடுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கலியாணம் நோன்புக்கு முன் என்று பேசியாகிவிட்டது. வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது. கூரை இல்லை. ஓடு போடுவேன் என்று மாப்பிள்ளையின் உம்மாவிடம் என் வாயால் சொல்லியிருந்தேன். கூரை இல்லாவிட்டால் கலியாணம் தள்ளிப்போகும். ஒருமுறை தள்ளிப்போன கலியாணம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

வேலை இல்லாத நாட்களில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் படுப்பேன். உள்ளே மணல்தான். அறைக்குள் படுத்துக்கொண்டு முகில் பார்ப்பேன். ஒரு முகில் மண்டபத்தால் வந்து, சுவரைத் தாண்டி, அறைக்குள் நுழைந்து, அடுப்பு வைக்கப் போகிற குசினிப் பக்கம் போகும். காகத்தின் நிழல் சுவரில் ஏறி இறங்கும். தூரத்தில் கடல் கேட்கும். எனக்கு அது அரைகுறை வீடாகத் தெரியாது. வானம் வந்து இருந்துவிட்டுப் போகிற வீடு போலத் தெரியும். கண் சொக்கிவிடும்.

வகுப்பிலும் அப்படித்தான். மின்விசிறி மெல்லச் சுற்றும். கீழே பஸ்காரர்கள் "அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து" என்று கூவுவது ஜன்னலால் வரும். மேலே வரும்போது அந்தச் சத்தம் யாரோ ஓதுவது போல ஆகிவிடும். சேர் இளம் ஆள். வங்கி வேலையை விட்டவர். மடிப்புக் கலையாத சட்டை. வெள்ளைப் பலகையில் நீல மையால் பெட்டி பெட்டியாக வரைவார். நீலம் கடல் போல இருக்கும். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

முதல் நாள் கண்ணை மூடச் சொன்னார்.

"ஐந்து வருஷத்துக்குப் பிறகு நீங்க எங்க நிக்கிறீங்க எண்டு பாருங்க."

கருவாட்டு அம்மா சிரித்தார். "நான் கருவாட்டோடதான் தம்பி நிப்பன். கண்ண மூடினாலும் மணக்கும்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு மூடினோம்.

முப்பத்தைந்து வருஷம் சுவர் கட்டியிருக்கிறேன். கல்லைப் பார், மட்டத்தைப் பார், நூலைப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடிப் பார் என்று யாரும் சொன்னதில்லை. மூடினேன். மகளின் வீடு வந்தது. கூரை தெரியவில்லை. வாசல் மட்டும் தெரிந்தது. உயரமான வாசல். மகள் அதில் கால் நீட்டி இருந்தாள். வாசலுக்கு முன்னால் ஒழுங்கையில் மாரித் தண்ணீர் நின்றது. அவள் காலில் தண்ணீர் படவில்லை. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தேன். தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் கிழமை பெட்டிக் கணக்கு. வரும் காசைப் பிரித்து வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி. வைத்தியத்துக்கு ஒரு பெட்டி. வீட்டுக்கு ஒரு பெட்டி. ஒன்றின் காசை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது. உயிர் போனாலும் கூடாது என்றார் சேர். அது எனக்குப் பிடித்தது. எங்களிடம் நிய்யத் என்று ஒன்று உண்டு. இது இன்னாருக்கு என்று மனதில் எண்ணி வைத்துவிட்டால் அது அவருக்குத்தான். சேர் சொன்னதும் அதுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமை வட்டி. தாள் ஒன்று தந்தார். சும்மா கிடக்கும் காசு உருகும், சாமான் விலை ஏறும், வங்கியில் போட்டால் வட்டி குட்டி போடும் என்று வரிசையாகக் கணக்கு. தபால்காரர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கேக் பிள்ளையும் மடித்தாள். நானும் மடித்தேன். வட்டி முஸ்லிம்களான எங்களுக்கு ஆகாது.

கருவாட்டு அம்மா மட்டும் விரித்து வைத்திருந்தார். "உங்கட தாளையும் எனக்குத் தாங்கோ," என்றார். "கருவாடு சுத்த உதவும்."

சேர் சிரித்துவிட்டு வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார். அதை நான் கேட்கவில்லை. காசு உருகும் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கூரைக்கென்று அலுமாரியில் இருந்த காசு ஐஸ் கட்டி போல உருகி, தட்டால் ஒழுகி, வாசலால் போய், மணலுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி இருந்தேன். விலை ஏறிய வருஷத்தை நாங்கள் எல்லாரும் கண்டவர்கள். சீமெந்துக்கு வரிசையில் நின்றவன் நான்.

திங்கட்கிழமை அந்தக் காசில் சீமெந்து வாங்கினேன். மரம் எனக்குத் தெரியாது. ஓடும் தெரியாது. சீமெந்து தெரியும். பூசவும் தரை போடவும் எப்படியும் வேண்டும். கூரைக் காசு ஐப்பசிக்குள் வந்துவிடும். ஒரு கடை கட்டும் வேலை பேசியிருந்தது. நாற்பது பை. லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் வந்து இறங்கியது. மகளின் வீட்டு மண்டபத்தில் பலகை போட்டு அடுக்கி, மழை படாமல் தார்ப்பாய்ப் படங்கால் மூடினேன். கையை வைத்து, இது மகள் வீட்டுக்கு என்று நிய்யத் வைத்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். "கூரை எங்க?" என்றாள்.

"வரும்."

"மேலயிருந்து விழுமா?"

படங்கின் முனையை இழுத்துக் கட்டினேன்.

ஆறாம் கிழமை, கடைசி வகுப்பு. படித்ததில் என்ன செய்தீர்கள் என்று சேர் ஒவ்வொருவராகக் கேட்டார். கேக் பிள்ளை தன் கூலியையும் விலையில் சேர்த்தாளாம். அதுவரை சேர்க்கவில்லையாம். ஆட்டோக்காரர் வெற்றிலையைப் பாதியாக்கினாராம். என் முறை வந்தது.

"நாப்பது பை சீமெந்து வாங்கி வச்சிரிக்கன்."

சேர் பேனையை மூடினார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "சீமெந்து எவ்வளவு காலம் கிடக்கும் காக்கா?"

"மூணு மாசம். கடலுப்புக்கு அதுவும் இல்ல."

"கூரை?"

"போடோணும். அது போடாமப் பூசினா மழை கழுவிடும்."

"கடை வேல ஒண்டு சொன்னீங்களே?"

"கடைக்காரர் தள்ளிப் போட்டுட்டார்."

ஆட்டோக்காரர் திரும்பினார். "மேசன் காக்கா, இதுக்கென்ன யோசின? அந்தப் பைய எடுத்து வேற வேலைக்குப் போடுங்க. காசு வந்தா புதுசு வாங்கி வைங்க."

"ஏலா. அது மகள்ட பெட்டி. ஒண்டில இருந்து ஒண்டுக்கு எடுக்கப்படாது. சேர்தானே சொன்னார்."

"அது காசுக்குச் சொன்னது காக்கா!" என்றார் சேர்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். நிய்யத் வச்சாச்சு."

கருவாட்டு அம்மா தலையில் கை வைத்தார். "பிள்ளையாரே, இவர் நல்ல மாணவன்."

சேர் சிரிக்கவில்லை. மெல்லக் கேட்டார். "வட்டியில்லாத கணக்கு இருக்கு எண்டு அண்டைக்கு அரைமணித்தியாலம் சொன்னேனே. கேட்டீங்களா?"

நான் மடித்த தாளைப் பார்த்தேன். கேட்டிருக்கவில்லை.

எல்லாருக்கும் சான்றிதழ் தந்தார். என் பேரை அழகாக எழுதியிருந்தார்கள்.

அந்த முறை மாரி முந்திவிட்டது. மழையில் மேசனுக்கு வேலை இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் அப்படியே போயின. படங்கின் மேல் மழை விழும் சத்தம் என் வீடு வரை கேட்பது போல இருக்கும். உண்மையில் கேட்காது, மூன்று ஒழுங்கை தள்ளி. நித்திரையில் மட்டும் கேட்கும்.

மார்கழியில் ஒரு நாள் வெயில் வந்தது. மகளும் நானும் போய்ப் படங்கை நீக்கினோம். மேல் பையைத் தட்டினேன். கல். அடுத்தது. கல். முப்பத்தைந்து வருஷத்தில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சீமெந்தை வைத்திருக்காதே என்று. நடு அடுக்கில் ஒன்பது பை மட்டும் தூளாக இருந்தது.

மகளும் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு பையின் மேல் இருந்தாள். அவள் தலைக்கு மேலே வானம் கழுவி விட்டது போலக் கிடந்தது.

"நான்தானே வாப்பா உங்கள அனுப்பின," என்றாள்.

"கேக்காம விட்டது நான்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து விரித்தாள்.

"ஓடு வேணா," என்றாள் அவள். "அஸ்பெஸ்டஸ் சீட் போடுவம். மண்டபத்துக்கும் ரெண்டு அறைக்கும் மட்டும். நான் மாசாமாசம் கட்டுற சீட்டுக் காசு அடுத்த மாசம் விழும். குசினிக்கு இப்ப தென்னோலைக் கிடுகு போதும். அந்த ஒம்பது பையில தரைய போடுங்க."

"சுவர்?"

"பூசாட்டியும் சுவர் நிக்கும்."

அவள் எழுதி வைத்திருந்தாள். வகுப்பில் எனக்குத் தந்த அச்சடித்த பாடக் கொப்பியின் பின்பக்கத்தில். நான் தூங்கிய பக்கங்களையும் அவள் வாசித்திருந்தாள்.

தரை போட மண்டபம் காலியாக வேண்டும். இறுகிய பைகளை வெளியே எடுத்தேன். எங்கே போடுவது? வாசலுக்கு முன்னால் இரண்டு வரிசையாக, செங்கல் வைப்பது போல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் அடுக்கினேன். கை பழக்கம். படி போல வந்தது. இடைவெளிக்கு மணல் போட்டேன். கடதாசி மழையில் ஊறி உரிந்து போனது. பையின் மடிப்பு மட்டும் கல்லில் நின்றது, தலையணை போல.

சீட் ஏறி நாலாம் நாள் பெருமழை. அடுத்த நாள் காலையில் மாப்பிள்ளையின் உம்மா வந்தார். ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர். குடையை மடித்துக்கொண்டு படியேறினார். மேலே பார்த்தார்.

"ஓடு எண்டுதானே சொன்ன காக்கா?"

"ஓம்."

"இது சீட்."

"ஓம்."

"சுவரும் பூசல்ல."

"இல்ல." பிறகு சீமெந்தின் கதையைச் சொன்னேன். மறைக்கவில்லை.

அவர் வாயைப் பொத்தினார். "மேசன்ட ஊட்டுச் சீமெந்தா இறுகின! அதுவும் காசு கட்டிப் படிச்சி!" சிரித்தார். சிரித்து முடிய முகம் மாறியது. "நான் வந்தது வேற கதைக்கு. ஊரு என்ன சொல்லும்? நோன்பு முடியட்டும், பெருநாளுக்குப் பொறகு பாப்பம் எண்டு சொல்லத்தான் வந்தன்."

மகள் உள்ளே தேத்தண்ணி ஊற்றும் சத்தம் நின்றது.

அவருடைய ஈரக் குடையை வாங்கிச் சுவரில் சாத்தினேன்.

அவர் களைத்துப்போய்ப் படியில் இருந்தார். காலை நீட்டினார். செருப்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் நிறம். இலைகள், ஒரு தேங்காய்ச் சிரட்டை, யாருடையதோ ஒரு சின்னச் செருப்பு. எல்லாம் அவசரமில்லாமல் போயின. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"எங்கட ஊட்டுக்குள்ள ராவே தண்ணி வந்திட்டு," என்றார். "கட்டிலத் தூக்கிக் கல்லு வச்சிரிக்கம். இஞ்ச வரல்லியே."

"படி தடுக்குது."

கையால் கல்லைத் தடவினார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் குடித்தார். பாதி குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நாள மாத்த வேணா. சுவர என்ட மகன் வந்து பூசட்டும். அவன்ட கைக்கும் வேல வேணும்."

மகள் உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணி தட்டை மறந்து படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கலியாணம் நோன்புக்கு முன் நடந்தது.

அந்த வகுப்பு பிரயோசனமா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டணம் கூடிவிட்டதாம். எனக்குச் சொல்லத் தெரியாது. கேக் பிள்ளைக்குப் பிரயோசனம். அவள் இப்போது கடை போட்டிருக்கிறாள். என் மகளுக்கும் பிரயோசனம், போகாமலே படித்தாள். எனக்கு ஒரு வாசலைக் காட்டினார்கள். அதைப் பணம் கொடுக்காமலும் பார்த்திருக்கலாம். ஆனால் பார்த்திருக்க மாட்டேன்.

போன கிழமை மருமகனும் கேட்டார். படியில் இருந்தோம். அஸர் முடிந்த வெயில். அவர் பூசிய சுவர் பின்னால். மட்டம் கொஞ்சம் பிழை. சொல்லவில்லை.

"மாமா, நானும் அந்த வகுப்புக்குப் போகவா?"

"போங்க. கண்ண மூடச் சொன்னா மூடுங்க. மத்த நேரம் திறந்து வைங்க."

"உங்களுக்கு மொத்தமா எத்தின பை நட்டம்?"

"எண்ணிப் பாருங்க."

அவர் எழுந்து, ஒவ்வொரு கல்லிலும் பெருவிரலை வைத்து, வாசல் நீளத்துக்கு நடந்தார்.

முப்பத்தொன்று.